டிராக்டர் அண்ணாச்சிக்கு நன்றி

இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்தின் 145-ஆம் பிரதிஷ்டை பண்டிகை அசனத்துக்கு (ஊர்கூடிச் சாப்பிடும் கோவில் விருந்துக்கு) தண்ணீர் கொண்டுவந்த அண்ணாச்சிக்கு, பேர்கூடக் கேட்டு வைக்காததால், இந்தப் பதிவு.

1847-இல் கால்டுவெல் ஐயர் வேலையைத் தொடங்கி, 1880-இல்தான் பிரதிஷ்டை நடந்தது. 33 வருஷம் பொறுமையாகக் கட்டிய கோவில். ஆனால் அன்று காலை எங்களுக்குப் பத்து நிமிஷப் பொறுமை இல்லை. தண்ணீர் மோட்டாரின் காயில் புகைந்துவிட்டது. ஒரு வட்டாவில் கறி மசாலா அடிப்பிடிக்கிற வாடை, பக்கத்தில் களையாத அரிசி மூட்டை மூட்டையாக.

ரோட்டில் போன உங்கள் டேங்கரைப் பையன்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். யாருடைய தோட்டத்துக்குப் போன தண்ணீரோ! அப்படியே திறந்துவிட்டீர்கள், போய் இன்னொரு நடையும் அடித்தீர்கள். ரூபாயை நீட்டினால், "அசனத் தண்ணிக்குப் போயி துட்டு வாங்குவாவளா?" என்று ஒரு அதட்டு. நம்ம சபைக்காரர் இல்லையாம், பிறகுதான் தெரிந்தது.

ஊரே பந்தியில் உட்கார்ந்தது. நீங்கள்தான் சாப்பிடாமல் போய்விட்டீர்கள், அதுதான் மனத்தாங்கல். ரொம்ப நன்றி அண்ணாச்சி. உங்கள் டேங்கர் ஹோஸ் கோவில்பிள்ளையிடம் (கோவில் பணியாளரிடம்) இருக்கிறது, அவசியம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.