செயலாளர் ஆண்டறிக்கை: கர்னல் கட்டமைப்பு சரிபார்ப்புப் பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கும்பகோணத்தில் கூடும் நம் லினக்ஸ் பயனர் சங்கத்தின் இந்த ஆண்டுப் பணி பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தது: ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் (லினக்ஸின் மையக்கரு) நமக்கு வேண்டிய டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) இருக்கிறதா?

வயல் நீர்மட்டம் பார்க்கும் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகைகளைக் குறுவைக்கு முன் சோதிக்க வேண்டியிருந்ததால், அவற்றின் சிஎச்340 யூஎஸ்பி சில்லை இயக்கும் சிஎச்341 டிரைவரையே பாடமாக எடுத்தோம். முதலில் 'யூநேம்' கட்டளையை 'ஆர்' விருப்பத்தோடு கொடுத்து ஓடும் பதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் அதே எண்ணோடு பூட் அடைவில், கர்னல் கட்டியபோது எடுத்த தேர்வுகளைப் பட்டியலிடும் கன்ஃபிக் கோப்பு இருக்கும். அதில் 'கிரெப்' என்னும் தேடல் கட்டளை போடும்போது தேர்வின் பெயருக்குப் பின் சமக்குறி சேர்க்காதீர்கள். அணைத்து வைத்த வரியில் சமக்குறியே வராது. '# கன்ஃபிக்_யூஎஸ்பி_சீரியல்_சிஎச்341 இஸ் நாட் செட்' என்றுதான் இருக்கும். சமக்குறிக்குப் பின் 'ஒய்' என்றால் கர்னலுக்குள்ளேயே கலந்தது, 'எம்' என்றால் தேவைப்படும்போது ஏற்றும் தனி மாட்யூல். வரியே காணோம் என்றால் அது சார்ந்த வேறொரு தேர்வு அணைந்திருக்கும், அல்லது அந்தப் பதிப்பில் டிரைவரே இருக்காது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பூட் அடைவில் கோப்பு இல்லையா? ப்ராக் அடைவில் கன்ஃபிக்.ஜிஇசட் உண்டா என்று பார்த்து, சுருக்கிய கோப்பில் தேடும் 'இசட்கிரெப்' போடலாம். கர்னலைக் கட்டியபோது ஐகேகன்ஃபிக் தேர்வு போட்டிருந்தால்தான் அது கிடைக்கும். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் அந்தத் தேர்வே மாட்யூலாக இருப்பதால், ரூட் (நிர்வாகி) உரிமையோடு அதை ஏற்றும் 'மாட்ப்ரோப் கன்ஃபிக்ஸ்' கட்டளை கொடுத்த பிறகே கோப்பு கண்ணில் படும்.

'எம்' என்று இருந்தும் பலகை தெரியவில்லை என்றால் கன்ஃபிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருந்தால், ஓடும் பதிப்புக்குரிய மாட்யூல் வட்டில் இல்லாமல் போயிருக்கலாம். உபுண்டு 22.04-இல் இன்னொரு சிக்கல்: பிரெய்ல் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல் சிஎச்340 சில்லைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். செருகியதும் கர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' பாருங்கள். பலகைக்கான டிடிஒய்யூஎஸ்பி0 இணைப்பு வந்த வேகத்தில் துண்டிக்கப்பட்டிருக்கும். பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் இல்லாத கணினியில் மட்டும் அந்த நிரலை நீக்குங்கள்.

உபுண்டு கன்ஃபிக்கை நகலெடுத்துச் சொந்தமாகக் கர்னல் கட்டியபோது 'கனானிக்கல்-செர்ட்ஸ்.பெம்' என்னும் சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று கட்டுமானம் நின்றது. சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரிவொகேஷன்_கீஸ் இரண்டின் மதிப்பையும் காலியாக்கியதும் சரியானது. அடுத்த ஆண்டு இந்த வேலைக்கென்று ஒரு யூபிஎஸ் வாங்கச் செயற்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்; பாதியில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.