அந்த நாக்குப் படம் தப்பு, ராசா

அன்புள்ள ராசாவுக்கு,

ஆபீஸில் வினாடி வினா நடத்தும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது, பொது அறிவில் இருபது கேள்வி பதிலோடு எழுதி அனுப்பும்மா என்று கேட்டாய். ரெண்டு நாளாக அதே வேலையாகத்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நாக்கின் படம் வரைந்து, நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்பக்கம் கசப்பு என்று கோடு போட்டுப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேனே, அது தப்பு. சுவை உணரும் திறன் நாக்கின் ஓரங்களில் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுகிறது என்று 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் எழுதினார். பின்னால் வந்த பாடநூல்களில் அந்தச் சின்ன வித்தியாசம் வேலி போட்ட தனித்தனிப் பகுதிகளாகவே ஆகிவிட்டது. சுவை மொட்டு இருக்கிற எந்த இடமும் எல்லாச் சுவையையும் அறியும். நுனி நாக்கில் ஒரு கல் உப்பை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும், நாம் ரெண்டு பேரும் வைத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நீ, இதில் காரம் எங்கேம்மா என்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். சுவை மொட்டுக்கும் காரத்துக்கும் சம்பந்தமில்லை, அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை. அந்த நரம்பில், ஏறக்குறைய 43 டிகிரி சூடு பட்டால் கதவு மாதிரி திறக்கிற ஏற்பி ஒன்று இருக்கிறது, மிளகாயில் உறைப்பைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் அதைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது, அதனால்தான் வாய் எரிகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் ஏற்பியில் கேப்சைசின் வேலை செய்வதில்லை, அதனால் அவை மிளகாய்ப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதையே முதல் கேள்வியாக வை.

அப்புறம் வெனிலா. இதைப் பற்றி எனக்கு நிறைய சொல்ல வேண்டும். வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி, மெக்சிகோ பக்கத்தது. ஐரோப்பியர்கள் அதை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள், கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை, ஏனென்றால் மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. பூவும் ஒரே நாள்தான் நிற்கும். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயதுப் பையன், அடிமையாகப் பிறந்தவன், ஒரு சின்னக் குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்திவிட்டான். காய் பிடித்தது. இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் ஒவ்வொரு பூவாகக் கையால் அப்படித்தான் செய்கிறார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகுதான் அவனுக்கு அல்பியுஸ் என்று ஒரு குடும்பப் பெயரே கிடைத்தது. அந்தத் தீவில் எத்தனையோ பேர் வெனிலாவில் சம்பாதித்தார்கள், எட்மண்ட் 1880-ல் வறுமையில் செத்துப்போனார். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்போது உனக்கும் 12 வயது.

ஓவியத்துக்கு ஒரு நீலத்தைக் கேள். 1706 வாக்கில் பெர்லினில் சிவப்புச் சாயம் செய்யப்போய் தற்செயலாகக் கிடைத்தது பிரஷ்யன் நீலம். ஜப்பானில் ஹொகுசாய் 1831 வாக்கில் வெளியிட்ட அந்தப் பெரிய அலை ஓவியத்தில் இருப்பதும் அதே நீலம். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சைக் கருவியிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மக்கள் உடம்புக்குள் போனபோது அதை வெளியேற்ற மருந்தாகக் கொடுத்ததும் அதே நீலம்தான். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, மூன்றுக்கும் பொதுவானது எது என்று கேட்டால் எல்லோரும் யோசிப்பார்கள்.

கேள்வியின் சொற்களில் கவனம் வேண்டும், ராசா. உலகின் உயரமான மலை எது என்று மொட்டையாகக் கேட்காதே. கடல் மட்டத்திலிருந்து என்றால் எவரெஸ்ட், அடி முதல் முடி வரை அளந்தால் பாதிக்கு மேல் கடலுக்குள் கிடக்கிற, ஹவாய்த் தீவின் மௌனா கியா, பூமியின் மையத்திலிருந்து என்றால் எக்வடாரின் சிம்பராசோ. மூன்று அணி மூன்று பதில் சொன்னால் மதிப்பெண் யாருக்குக் கொடுப்பாய்? ஐன்ஸ்டைனுக்கு நோபல் எதற்கு என்ற கேள்வி பழசுதான், ஆனாலும் வை, பாதிப் பேர் சார்பியல் என்பார்கள், சரியான விடை ஒளிமின் விளைவு. தன்னைத்தானே சுற்ற, சூரியனைச் சுற்றுவதைவிட அதிக நாள் எடுக்கும் கோள் எது என்று கேள், விடை வெள்ளி, தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் கணக்கில் 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள்தான், இது சட்டென்று போகிற கேள்வி, நடுவில் எங்கேயாவது போட்டுக்கொள்.

மீதியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். விடைகளை இன்னொரு தடவை நீயும் சரிபார். வெனிலாவைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள். விடை சொல்லும்போது அவசரப்படாமல் எட்மண்ட் அல்பியுஸ் என்று பெயரை முழுதாகச் சொல், 12 வயது என்பதையும் சொல். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அன்று ராத்திரியே போன் பண்ணு, எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா