அன்னதானக் கூடக் கூரை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள், உபயதாரர்கள் அனைவருக்கும் வணக்கம். அன்னதானக் கூடத்தின் கூரை வேலை முடிந்தது. வரவு செலவுத் தாள் அலுவலக அறையில் உள்ளது. வேலையின் விவரம் இங்கே.

கூடம் 40 அடி நீளம், 20 அடி அகலம். 0.63 மி.மீ. கனமுள்ள 12 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நெளிதகடு ஒரு சரிவுக்கு 18, ஆக 36. சரிவின் உச்சியிலிருந்து கீழ்வரை ஒரே தகடு என்பதால் குறுக்கு இணைப்பே இல்லை. பக்கவாட்டில் ஒன்றரை நெளி ஏற்றி வேய்ந்திருக்கிறோம். துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 275 கிராம், இரு பக்கமும் சேர்த்து. விலை குறைந்த 120 கிராம் பூச்சை வேண்டாமென்று விட்டோம். தகரம் என்று பேச்சில் சொன்னாலும் இது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள பூச்சு அந்த இடத்தைத் தாங்கும். பூச்சு தீர்ந்தால் துரு வரும். கூரையின் ஆயுள் பூச்சின் கனத்தில்தான் இருக்கிறது.

பழைய கூரை ஒரே வரிசையில் ஓட்டையானதற்குக் காரணம் தெரிந்துகொண்டுதான் புதியதைப் போட்டோம். செப்புத் தகடு போர்த்திய முன்மண்டபத்தின் மழைநீர் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. செம்பில் பட்டு வரும் நீர் துத்தநாகத்தை வெகு சீக்கிரம் அரிக்கும். அந்த நீரை இப்போது பி.வி.சி. குழாய் வழியே நேரே தரைக்கு இறக்கிவிட்டோம்.

தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட் (கொக்கி போல்ட்) துளைகள் எல்லாம் நெளியின் மேட்டில். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் நின்று ஒழுகும். ஒவ்வொன்றிலும் ஜி.ஐ. வாஷருக்குக் கீழே தார் வாஷர். துளைத்த இரும்புப் பொடியை அன்றன்றே துடைப்பத்தால் தள்ளினோம். தங்கினால் துருக்கறை பிடிக்கும். தகட்டைக் கிரைண்டரால் அறுக்காமல் கத்தரியால் வெட்டினோம். அறுத்தால் சூட்டில் பூச்சு எரிந்துபோகும். சட்டக் குழாய்களில் வெல்டிங் செய்த இடங்களைச் சுரண்டி, துத்தநாகப் பொடி கலந்த பெயிண்ட் இரண்டு கோட் அடித்தாயிற்று.

ஒரு தவறு நேர்ந்தது. தகடுகள் இறங்கிய அன்று மழை. நனைந்த தகட்டுக் கட்டைப் பிரிக்காமல் ஒரு வாரம் விட்டுவிட்டோம். காற்றுப் புகாத ஈரத்தில் 4 தகடுகளில் வெள்ளைத் துரு பூத்தது. நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவியபின் பூச்சு கெடவில்லை என்று பார்த்தே ஏற்றினோம்.

இனிக் கவனிக்க வேண்டியவை: திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தகட்டில் தெறித்தால் உடனே கழுவிவிடுங்கள், ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டும் பூச்சைத் தின்னும். சுவரோரத்தில் அதனால்தான் சிமெண்டுக்குப் பதில் தார் நாடா ஒட்டியிருக்கிறோம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேப்பிலைச் சருகைக் கூட்டித் தள்ள வேண்டும். மடைப்பள்ளி ஜி.ஐ. வாளிகள் தண்ணீருக்கு மட்டும். புளிக்கரைசல், தயிர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் துத்தநாகம் கரைந்து உணவில் சேரும். அவற்றுக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம்.

மீதமுள்ள 2 தகடுகள் வாகன அறையில் மரக்கட்டைமேல் சாய்த்து நிறுத்தப்பட்டுள்ளன. படுக்க வைக்க வேண்டாம்.

திருப்பணிக் குழு