மதகில் ஆள் இறக்கும் முன்: டெண்டர் எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அணை, ரெகுலேட்டர் (ஷட்டர் வைத்து நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு), குடிநீர் உறிஞ்சு கிணறு என்று தண்ணீருக்கு அடியில் நடக்கவேண்டிய வேலைகளுக்கு மதிப்பீடு போடுவது நீங்கள். அந்த மதிப்பீட்டில் எங்கள் வேலை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "டைவர் மூலம் மதகு அடைப்பு நீக்குதல், 1 எண்." சிமெண்டுக்கு கிரேடு, கம்பிக்கு விட்டம், ஜல்லிக்கு அளவு எல்லாம் எழுதும் அதே தாளில், ஆள் இறங்கும் வேலைக்கு இவ்வளவுதான். ஆழம் எத்தனை அடி, ஷட்டருக்கு மறுபக்கம் தண்ணீர் நிற்கிறதா, எத்தனை பேர் வரவேண்டும் என்று எதுவும் கிடையாது. எழுதாததை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. சேர்த்தவருக்கு வேலை கிடைப்பதில்லை. டைவருக்குக் காற்று அனுப்ப டயர் கடை கம்பிரசரும் பச்சைத் தோட்டக் குழாயும் வைத்திருப்பவர்தான் எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர் ஆகிறார். அந்த ஒரு வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கடலில் எண்ணெய் மேடைக்கு அடியில் 50 மீட்டர் வரை சாதாரணக் காற்றையே சுவாசித்து இறங்கி வேலை பார்த்தவர்கூட அணை வேலை என்றால் யோசிப்பார். கடலில் பயம் ஆழம். அணையில் பயம் ஷட்டரின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு வேறு நீர்மட்டம். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்ப்பரப்பிலிருந்து 50 அடி கீழே ஒரு மதகு வாய் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோ அழுத்தம். ஷட்டருக்குப் பின்னால் வெறும் காற்று. ரப்பர் சீல் பிய்ந்து உள்ளங்கை அளவு, அதாவது 10-க்கு 10 செ.மீ. இடுக்கு விழுந்திருந்தால், அதை அடைத்துக்கொள்ளும் கையின் மேல் 150 கிலோ உட்காரும். 30 செ.மீ. குழாய் வாய் என்றால் ஒரு டன்னுக்கும் மேல். அந்த இடுக்கில் தண்ணீர் போகும் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர்.

இதில் மோசம் என்னவென்றால் முன்னறிவிப்பே கிடையாது. இடுக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பின் வேகம் கால் பங்காகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஓட்டமே தெரியாது. ஒரு சாண் தூரத்தில் தெரியும்போது கையுறையின் விரல் நுனி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். வண்டல் கலங்கிய தண்ணீரில் விளக்கும் உதவாது. சில் பீம் (ஷட்டர் அடியில் வந்து உட்காரும் கட்டை), பக்கத் தண்டவாளம், சீல் பட்டை என்று எல்லாவற்றையும் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஆகவே "கசிவு எங்கே என்று இறங்கிப் பார்த்துவிட்டு வா" என்று சொல்வது, பொறி எங்கே என்று கையை விட்டுப் பார்க்கச் சொல்வதுதான்.

மாட்டிக்கொண்டவரை கயிறு போட்டு இழுத்தால் கை கழன்றுவரும், ஆள் வரமாட்டார். இரு பக்க அழுத்தமும் சமமானால்தான் விடும். அவர் முதுகிலுள்ள 7 லிட்டர் அவசர சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தாலும், அந்த ஆழத்தில் உழைத்து மூச்சுவிடுபவருக்கு 14 நிமிடம்தான் காணும். பதற்றத்தில் அதுவும் குறையும். பின்பக்கம் தண்ணீர் நிரப்பி மட்டம் சமமாக்க மணிக்கணக்கில் ஆகலாம். காப்பாற்றப் போகும் இரண்டாவது ஆளையும் அதே இடுக்கு இழுக்கும்.

எனவே வரிசை இதுதான். முதலில் கீழ்ப்பக்க அவசர ஷட்டரையோ ஸ்டாப்லாக்கையோ (காடியில் இறக்கும் தற்காலிகத் தடுப்புப் பலகை) இறக்க வேண்டும். பைபாஸ் வால்வு வழியாக இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை நிரப்ப வேண்டும். நிரம்பிவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. இரு பக்கத்து அளவுகோலையும் படித்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆள் இறங்கலாம். அதற்கும் முன்னால் மூங்கிலில் ஒரு துணித் துண்டைக் கட்டி ஷட்டர் ஓரமாக விட்டுப் பாருங்கள். துண்டு போய் ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஒட்டவில்லை என்பதற்காக அளவுகோலைப் படிக்காமல் விடவும் கூடாது. கீழ்ப்பக்கம் அடைக்க வசதியே இல்லாத பழைய மதகுகளில் நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் கேமரா பொருத்திய ரோபோவை இறக்கலாம். சின்னச் சீல் கசிவுக்கு மேல்பக்கமாகச் சாம்பலும் களிமண்ணும் கொட்டினால், இழுக்கும் தண்ணீரே அதைக் கொண்டுபோய் அடைத்துவிடும். ஊர்க்காரர்கள் வைக்கோலும் களிமண்ணும் போட்டு இதைத்தான் செய்தார்கள். அதற்கு டைவரே தேவையில்லை. எங்கள் வருமானம் போனாலும் பரவாயில்லை.

ஷட்டர் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி, ஷட்டரைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை டைவிங் சூப்பர்வைசர் கையில் கொடுக்க வேண்டும். ஆள் மேலே ஏறியபிறகுதான் சாவி திரும்ப வரவேண்டும். வைகையில் நீர்மட்டம் 66 அடி தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு மூன்று முறை சொல்லும் ஏற்பாடு இருக்கும்போது, ஷட்டருக்கு முன்னால் இருப்பவருக்கு ஒரு பூட்டாவது இருக்கவேண்டாமா? வைகை உற்பத்தியாகும் வருசநாட்டுப் பக்கம் மழை பிடித்தால் தண்ணீர் திறக்கச் சொல்லி போன் வரும். அந்தப் போனை எடுக்கும் ஷிப்ட் ஆளுக்கு உள்ளே டைவர் இருப்பது தெரியாமல் போகலாம்.

அடுத்து காற்று. கம்பிரசர் காற்றில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேலும், எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய மூச்சுக்காற்றுத் தரமான இஎன் 12021 வைக்கும் வரம்பு. டீசல் எஞ்சினில் ஓடும் டயர் கடை கம்பிரசரின் காற்று வாய் எஞ்சின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். காற்று திசை மாறினால் புகை நேராக டைவர் நெஞ்சுக்குள் போகும், அதுவும் 50 அடியில் இரண்டரை மடங்கு அழுத்தத்தில். தோட்டக் குழாய் வளைந்தால் மடங்கி அடைத்துக்கொள்ளும். இதைவிடக் கொடியது, காற்று குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு இல்லாத முகமூடி. மேலே குழாய் வெடித்தால் முகமூடிக்குள் அழுத்தம் சட்டென்று மேல்மட்ட அளவுக்கு இறங்கும். வெளியே 50 அடித் தண்ணீர் நெஞ்சை அமுக்கும். நுரையீரலும் முகமும் உறிஞ்சப்படும். அந்த வால்வைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது: குழாயைக் கழற்றி, அது மாட்டியிருந்த முகமூடி முனையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தால் காற்று வரக்கூடாது. ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னாலும் உங்கள் பிரிவு அலுவலர் கண்முன்னே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

ஆட்கள் குறைந்தது 5 பேர்: சூப்பர்வைசர், வேலை பார்க்கும் டைவர், உடை மாட்டித் தயாராக உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்ட்பை டைவர், இருவரின் குழாயையும் பிடிக்க ஆளுக்கொருவர். கடல் ஒப்பந்தங்களில் இதற்குக் குறைந்து பொதுவாக ஏற்பதில்லை. ஸ்டாண்ட்பை டைவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தயவுசெய்து அவர் கூலியை வெட்டாதீர்கள்.

நேரக் கணக்கும் உண்டு. அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி 60 அடியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், 100 அடியில் 25 நிமிடம் இருக்கலாம். அதைத் தாண்டினால் ஏறும் வழியில் நிறுத்தி நிறுத்தித்தான் வரவேண்டும். அந்தக் கணக்கு கடல் மட்டத்துக்கு எழுதியது. 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் கிடக்கும் பெரியாறு ஏரி போன்ற இடத்தில் அதை அப்படியே போட்டால் தப்பு. உயரத் திருத்தம் வேண்டும். வைகை அணையில் இறங்கியவர் அன்று மாலையே கொடைக்கானல் ஏறுவதும் அதே தப்புத்தான், ஏனென்றால் 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது குமிழியாகலாம். 24 மணி நேரம் மலை ஏறக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

இந்தக் குமிழிகளால் மூட்டுவலி என்று படுத்துவிட்டால் தேவைப்படும் சேம்பர் சிகிச்சை (ஆளை மூடிய அறையில் வைத்து அழுத்தம் ஏற்றுவது), 60 அடி அழுத்தத்தில் தொடங்கி 4 மணி 45 நிமிடம் ஓடும். ஆறாத புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் ஒற்றை ஆள் சேம்பர் எல்லாம் இதற்குச் சரிப்படும் என்று சொல்லமுடியாது. எந்தச் சேம்பர், எவ்வளவு தூரம், டைவருக்குச் சிகிச்சை தர ஒப்புக்கொண்டார்களா என்பதை வேலை ஆரம்பிக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

கிணறுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. மோட்டார் எடுக்கவோ தூர் வாரவோ ஆள் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் ஓரளவு காட்டும். ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் மோனாக்சைடும் விளக்கை அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும். நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் வேண்டும். கிணற்றுக்குள் டீசல் பம்பு ஓடவே கூடாது.

பணத்துக்கு வருவோம். "1 எண்" என்பதை எடுத்துவிட்டு, ஐந்து பேர் குழுவுக்கு நாள் வாடகை என்று போடுங்கள். நீர்மட்டம் சமமாகவில்லை, மழை என்று இறங்காமல் திரும்பிய நாளுக்கும் கூலி உண்டு என்று சேருங்கள். இறங்கினால்தான் காசு என்று இருக்கும்வரை, துண்டு போய் ஒட்டினாலும் இறங்கத்தான் செய்வார்கள்.

அடுத்த மதிப்பீட்டில் அப்படியே ஒட்டிக்கொள்ள ஒரு மாதிரி வரி:

"நீரடிப் பணி: ஆழம் ... அடி, மறுபக்க நீர்மட்டம்... அடி, மேலிருந்து காற்று தரும் முறை, பேச்சுத் தொடர்பு, ஒருவழி வால்வு, அவசர சிலிண்டர் உட்பட, காற்றுச் சோதனைச் சான்று 6 மாதத்துக்கு உட்பட்டது, குழு 5 பேர், இரு பக்க மட்டமும் சமமான பிறகே இறக்கம், ஹாய்ஸ்ட் சாவி சூப்பர்வைசரிடம், அளவு: குழு-நாள்."

இப்படிக்கு,
மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நீரடி வேலை பார்க்கும் டைவர்கள்