பாப்பாவுக்கு, பினாங்கிலிருந்து அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து செந்தூல் அத்தை வந்திருந்தாள். விடியுமுன் எழுந்து, பசியாறாமல், தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடுகிறாயாம். கன்னம் ஒட்டிப்போயிற்றாம். வேறெதுவும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓடு, ஆனால் பசியாறிவிட்டு ஓடு.

படிவம் ஆறு பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவன் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? மூச்சு முட்ட ஓடும்போது, தசை கேட்கும் வேகத்துக்கு ஆக்சிஜன் ஈடுகொடுப்பதில்லை. அதற்காகத் தசை நின்றுவிடாது. குளுக்கோசை அரைகுறையாக உடைத்து, கிடைக்கிற 2 ஏடிபியை, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் காசை, வைத்துச் சமாளிக்கும். ஆக்சிஜனோடு, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போயிருந்தால் அதே குளுக்கோசில் சுமார் 30 கிடைத்திருக்கும். ஏடிபி குறைந்து, அது செலவானபின் மிஞ்சும் ஏஎம்பி கூடியதும், குளுக்கோசை உடைக்க உதவும் பாஸ்போபிரக்டோகைனேஸ் என்ற நொதி முடுக்கிவிடப்படுகிறது. சர்க்கரை மளமளவென்று கரைகிறது. ஏடிபி நிறைந்தால் அதே நொதி அடங்கிவிடும். பார்ப்பவர்களுக்குக் கால்கள் ஓடுவது மட்டுமே தெரியும், உள்ளே இருப்பு கரைவது தெரியாது. அதனால்தான் பசியாறு என்கிறேன்.

குளுக்கோஸ் அப்படி அரைகுறையாக உடையும்போது தசையில் சேரும் லாக்டேட்டைக் கழிவு என்று நினைக்காதே. மறுநாள் கால்வலிக்கு அதன்மேல் பழிபோடுவதும் தவறு. கொஞ்சத்தை இதயமே எரித்துக்கொள்ளும். இன்னொரு பங்கு ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. 1947இல் நோபல் பரிசு பெற்ற கோரி தம்பதியின் பெயரால் வழங்கும் சுழற்சி அது. கல்லீரல் இரண்டு லாக்டேட்டைச் சேர்த்து ஒரு குளுக்கோசாக்கித் தசைக்கே திருப்பி அனுப்புகிறது. தசைக்குக் கிடைத்தது 2 ஏடிபி, கல்லீரல் செலவழிப்பது 6. நட்டக் கணக்குதான். ஆனால் கல்லீரலுக்கு அந்நேரம் மூச்சு முட்டவில்லை, அதனால் தாங்குகிறது.

எங்களுக்கும் இங்கே மூச்சு முட்டவில்லை, பாப்பா. தை மாதத்துக்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கவும் வேண்டாம். அலுவலகத்தில் உன்னைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று அத்தை சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை! ஆனால் ஊருக்கெல்லாம் உழைக்கிறவளுக்குப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லையா? சித்தப்பாவும் எல்லாவற்றையும் தானே சுமந்தார். அதைத் திரும்ப எழுத என்னால் முடியாது.

பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து பெர்ரி ஏறு. இந்தப் பக்கம் ஜெட்டியில் நான் நிற்பேன். அம்மா எதுவும் கேட்கமாட்டாள், சொல்லிவைத்துவிட்டேன். இந்த மாதம் வர முடியாவிட்டால், காலையில் பசியாறியதும் ‘ஆயிற்று’ என்று ஒரு செய்தி போடு. அது போதும்.

அப்பா