ஸ்காபரோ கோடை விடுமுறைப் பயணம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தமிழ் வகுப்புகள், விளையாட்டுப் போட்டி, நவராத்திரி ஆகியவற்றின் அறிக்கைகளை அந்தந்தக் குழுக்கள் எழுதித் தந்துள்ளன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கை குடும்பங்களின் கோடை விடுமுறைப் பயணத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யோர்க்ஷயரில் உள்ள ஸ்காபரோவுக்கே போவதெனச் செயற்குழு தீர்மானித்திருப்பதால், பயணக்குழு திரட்டிய விபரங்களை அங்கத்தவர்கள் வைத்துப் பார்க்கக்கூடிய விதமாக இங்கே தருகிறேன்.

கடற்கரைக்கு விடுமுறை போகும் பழக்கம் இந்நாட்டில் வேர்விட்ட ஊர்களில் ஸ்காபரோ முதன்மையானது. 1626 அளவில் அங்கே மலையடிவாரத்தில் ஒரு தாது நீரூற்று கண்டறியப்பட்டது. மருந்தென்று அந்த நீரைக் குடிக்க வந்தவர்கள் பின்னர் கடலிலும் குளிக்கத் தொடங்கினார்கள். 1845இல் ரயில் வந்தது. அதன்பின் யோர்க்ஷயர் ஆலைத் தொழிலாளரின் குடும்பங்களும் வந்தன. கோட்டை நிற்கும் முனை ஊரை இரண்டு குடாக்களாகப் பிரிக்கிறது. தென்குடாவில் துறைமுகம், கழுதைச் சவாரி, விளையாட்டு இயந்திரக் கடைகள். வடகுடா அமைதியானது, பாறைக் குட்டைகளும் பீஸ்ஹோம் பூங்காவும் அந்தப் பக்கம்.

வற்றும் பெருக்கும்

இந்த அறிக்கையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். நம்மில் பலர் கடலோர ஊர்களிலிருந்து வந்தவர்கள். கடல் நமக்குப் புதிதல்ல என்ற துணிவு இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணக் கரையில் வற்றுக்கும் (கடல் இறங்கி நிற்பது) பெருக்குக்கும் (ஏறி நிற்பது) இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஸ்காபரோவில் பறுவம் (பௌர்ணமி), அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது ஏறக்குறைய 5 மீற்றர். காலையில் பாய் விரித்த இடத்தில் பிற்பகல் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும். பெருக்கு நேரத்தில் வடகுடாவில் மணல் மிகவும் சுருங்கி, அலை சுவரில் மோதும்.

பெருக்கு ஒரே சீராக ஏறுவதுமில்லை. வற்றிலிருந்து பெருக்குக்கு ஆறு மணித்தியாலம் என்று கொண்டால், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, நடுவில் உள்ள இரண்டு மணியிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஆரம்பத்தில் அசையாதது போல் இருந்து, நடுவில் விரைந்து வரும் என்பது இதன் பொருள். கோட்டை முனையின் அடிவாரத்திலும், தெற்கே கேய்ட்டன் குடாவுக்குப் போகும் பாறைக் கரையிலும் ஆட்கள் அகப்படுவது இதனால்தான். முன்னே பாதை காய்ந்திருக்கும். பின்னே அது ஏற்கெனவே மூடியிருக்கும்.

நேர அட்டவணையைத் துறைமுகத்து அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் பார்க்கலாம். அதிலே ஒரு பொறி உண்டு: அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும். கூட்டாமல் போனால் வற்று என்று நினைத்துப் போகும் நேரம் பிழைத்துவிடும். நாளுக்கு நாள் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியே இதற்கு நல்ல துணை. பறுவம், அமாவாசை கழிந்த ஓரிரு நாட்களில் ஸ்காபரோவில் முற்பகல் 11 மணி அளவில் கடல் நன்றாக வற்றி, மாலை 5 மணி அளவில் முழுதாக ஏறும். அட்டமியை அண்டிய நாட்களில் இது ஏறக்குறைய மாறி, மதியத்தை ஒட்டிப் பெருக்கு வரும். ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் பறுவத்தையோ அமாவாசையையோ ஒட்டிய கிழமையைத் தெரிந்தால் காலையில் மணலும் பாறைக் குட்டைகளும் கிடைக்கும், மாலையில் பூங்காவுக்குப் போகலாம். சரியான நேரத்துக்கு அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் இறங்குவோர்

ஆகஸ்டிலும் அந்தக் கடல் 14, 15 பாகை செல்சியஸ்தான். திடீரென்று விழுந்தால் மூச்சு இழுத்துப்பறிக்கும்; நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் நீந்த முயலக் கூடாது. தலையைப் பின்னே சாய்த்து, காது தண்ணீரில் இருக்க, கைகளை மெல்ல அசைத்து மிதக்க வேண்டும். ஒன்று ஒன்றரை நிமிடத்தில் மூச்சு வசத்துக்கு வரும். இதைப் பயணத்துக்கு முன் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பருத்திச் சல்வாரும் சேலையும் நனைந்தால் காலைச் சுற்றி இழுக்கும். முழங்காலளவு தண்ணீருக்கும் உடலை ஒட்டிய உடுப்பே நல்லது.

உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்கவும். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரருக்கு உரியது. முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. செம்மஞ்சள் காற்றுப்பை பறந்தால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. மேற்கிலிருந்து மேல்காற்று வீசும் நாளில் கிழக்குக் கரைக் கடல் தட்டையாக, குளம் போலத் தெரியும். அன்றுதான் காற்றடைத்த மிதவைகள் பிள்ளையோடு வெளியே இழுபட்டுப் போகும். பயணக்குழு மிதவைகளை முற்றாகத் தடுத்திருக்கிறது. அதை அடுத்த ஆண்டும் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆபத்தென்றால் 999ஐ அழைத்து கரையோரக் காவற்படையைக் கேளுங்கள்.

மணலில் குழி தோண்டும் பிள்ளைகளுக்கு அளவு அவர்களுடைய முழங்கால். அதற்கு மேல் ஆழமானால் பக்கச் சுவர் இடிந்து மூடும்.

நீரின் தரத்தையும் கவனிக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் சுற்றாடல் நிறுவனத்தின் தரப்படுத்தலில் தென்குடா கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. வடகுடா அதைவிட நல்லது. ஆகவே குளிப்பு வடகுடாவில், மணல் விளையாட்டு தென்குடாவில். கடும் மழை பெய்தால் கழிவுநீர் கலக்கக்கூடும் என்பதால் இரண்டு நாள் பொறுக்கவும்.

சாப்பாடு

யோர்க்ஷயரில் மீன் பொரியல் கடைகள் பல மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. அவர்களுக்கு அது பெருமையான மரபு. மீன் மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் அதே கொழுப்பில்தான் பொரியும். ஆகவே சைவக்காரர் சிப்ஸ் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. எதில் பொரிக்கிறீர்கள் என்று வாங்கமுன் கேளுங்கள். தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

கடற்பறவைகள் கையிலிருந்தே பறிக்கும். அவை அநேகமாகப் பின்னாலிருந்துதான் வரும் என்பதால் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று சாப்பிட்டால் பெரும்பாலும் வராது. அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கல்லெறியக் கூடாது.

சமையல் வசதியுள்ள வாடகைக் குடியிருப்புகளில் தாளிதம்தான் தொல்லை. செத்தல் மிளகாய் கருகியவுடன் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். மிளகாயும் கடுகும் வீட்டிலேயே தாளித்து எண்ணெயோடு போத்தலில் கொண்டு போவது எளிது. கரவன் எனப்படும் இழுவை வண்டித் தரிப்பிடங்களில் மின் இணைப்பு பெரும்பாலும் 16 அம்பியர், சிலவற்றில் 10. 16 அம்பியர் என்றால் ஏறக்குறைய 3,700 வாற்றுத்தான். 3,000 வாற்றுக் கேத்திலும் சோற்றுக் குக்கரும் சூடேற்றியும் ஒன்றாகப் போட்டால் ஆளி விழுந்துவிடும். முதலில் சோறு, பிறகு தேநீர். படுக்கை விரிப்பும் துவாயும் வாடகைக்குள் அடங்குமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

போக்குவரத்தும் நாட்களும்

பஸ்ஸில் லண்டனிலிருந்து ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது சட்டம்; அதை நேரக் கணக்கில் சேருங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் ஏ64 பாதை மோல்ற்றன் தாண்டி அடைபடும். வாடகை மாறும் நாளும் அதுவே. ரயிலில் கிங்ஸ் குரொஸ்ஸிலிருந்து யோர்க் சுமார் இரண்டு மணித்தியாலம், அங்கே மாறி இன்னும் 50 நிமிடம். குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்குமான ரயில் அட்டை (Family & Friends Railcard) இருந்தால் பெரியவர்களுக்கு மூன்றிலொரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 வீதமும் குறையும்.

பாடசாலை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிப்போவது பற்றி ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார்கள். அனுமதியின்றி ஐந்து நாள் விட்டால் இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும், 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், பிந்தினால் 160. மலிவான வாடகையில் மிச்சம் பிடித்தது அதோடு போய்விடும்.

மே, ஜூனில் போவோர் கடற்பனிக்கும் ஆயத்தமாக வேண்டும். சூடான ஈரக் காற்று குளிர்ந்த வடகடலின் மேல் வந்து குளிர்ந்து மூடுபனியாகி, கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்றோடு கரையை மூடும். உள்ளே யோர்க்கில் வெயில் எரிக்க, கடற்கரையில் கம்பளிச்சட்டை கேட்கும். அன்றைக்கு ஒரு சில மைல் உள்ளே போனாலே வெயில் கிடைக்கும்.

முதியோருக்காக ஒரு வார்த்தை. ஊர் மேலே, கடல் கீழே, படிகள் அதிகம். 1875இல் திறந்த தென்பாறைத் தூக்கியும் 1881இல் திறந்த நடு ட்ராம் வண்டியும் முழங்கால் நோவுள்ள அம்மம்மாக்களுக்குப் பெரிய உதவி. வடகுடாவில் 1931 முதல் ஓடும் சின்ன ரயிலும், பீஸ்ஹோம் குளத்தில் 1927 முதல் சிறு மாதிரிக் கப்பல்களைக் கொண்டு நடக்கும் கப்பற்போர்க் காட்சியும் கடல் பெருகியிருக்கும் நேரத்துக்கு ஏற்றவை.

செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது: சங்கம் அச்சிடும் நாட்காட்டியில், ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களில் ஸ்காபரோவின் வற்று, பெருக்கு நேரங்களைக் கோடை நேரத்துக்கு மாற்றி, திதிக்குப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும். சம்மதிப்போர் இன்று கையுயர்த்தினால் அச்சகத்துக்கு அனுப்பமுன் சேர்த்துவிடலாம்.

செயலாளர்