அடுப்படியில் நிற்கிற என் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி முடித்துவிடுவாய். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

மருமகளைப் பெற்றவர்கள், உன் மாமாவும் அத்தையும், வந்து தங்கியிருந்த நாளெல்லாம் நீ அடுப்படிப் பக்கமே போகவில்லை என்று சொன்னாய். மருமகள் ஆபீஸ் விட்டு வந்து தனியாகவே எல்லாவற்றையும் செய்தாள். நீ ஹாலில் மாமாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தாய். அவர்கள் ரயில் ஏறின பிறகுதான் கரண்டியைக் கையில் எடுத்தாய். “அவங்க என்ன நினைப்பாங்களோன்னு இருந்துச்சுப்பா” என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன்.

உனக்குச் சமைக்கப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு நேரே என் பக்கத்தில் வந்து நிற்பாய். கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, மிளகாய் வற்றல் கறுக்குமுன் கறிவேப்பிலையைப் போட வேண்டும் என்பதை யாரும் உனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டாய். அப்படிப் பிடித்த ஒன்றை, விருந்தாளி வந்தால் ஒளித்துவைக்கிற காரியமாக ஏன் ஆக்குகிறாய்?

எனக்கும் அது பிடித்த வேலைதான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் டூட்டி, அதனால் நான் சமைக்க வந்தேன் என்றுதான் சொந்தபந்தமெல்லாம் சொல்லும். ‘பாவம், வேற வழியில்ல’ என்கிற தொனியில் சொல்வார்கள். தொடக்கம் அப்படித்தான். ஆனால் அவளுக்குப் பகல் டூட்டி மட்டும் இருந்த மாதங்களிலும் சாயங்காலச் சமையலை நான் விடவில்லை. சொசைட்டியில் நாளெல்லாம் வட்டிக் கணக்கு எழுதுவேன். அந்தக் கணக்கு ஒருநாளும் முடியாது, யாருக்கும் திருப்தியாகவும் இருக்காது. வீட்டுக்கு வந்து ஒரு ரசம் வைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பிள்ளைகள் தட்டில் ஊற்றிப் பிசைவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ரசம் கொதித்துவிடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவைப் பார்த்து நகர்ந்து வரும். அது கூடுகிற சமயத்தில் இறக்கிக் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட வேண்டும். அந்தச் சில நொடிக்காக அடுப்பு முன்னால் நிற்பது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

உன் ஆச்சிதான் எனக்குக் குரு. அவள் அளவெல்லாம் உழக்கும் கைப்பிடியும்தான். புளியைக் கரைத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான் அளவு. நான் சமைப்பதை முதலில் அவள் விரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு தடவை அவள் கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பந்தி உட்கார்ந்ததும் அவளே எழுந்து நின்று, “இன்னைக்கு எம் மவன் வச்ச புளிக்கொழம்பு, உப்பு உறைப்பு பாத்துச் சொல்லுங்க” என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்கள். சொல்வதற்கு முன்னால் நாம் கூசினால்தான் மற்றவர்கள் கேலி பேச இடம் கிடைக்கும் என்று எனக்கு அன்று பட்டது.

ஆண் சமைப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? திருநெல்வேலிப் பக்கம் சைவக் கல்யாணம் என்றால் ஆக்குப்புரையில் தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளை சொன்னதுதான் சட்டம். எத்தனை மரக்கால் அரிசி, எத்தனை தேங்காய் என்று அவர் சொல்லப் பெண்வீட்டார் கைகட்டி நின்று கேட்பார்கள். கோயில் மடைப்பள்ளியில் ஆண்கள்தான். இராமநாதபுரம் மாவட்டத்தில் கலையூர் என்ற ஊரே சமையல்காரர்களுக்குப் பேர்போனது. அந்த ஆண்கள் வெளியூர் வெளியூராகப் போய்ப் பந்தி பந்தியாக ஆக்கிப் போடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் வாய்பொத்திச் சிரிப்பதில்லை. ஆயிரம் பேருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆக்கினால் அது கைத்தொழில், மரியாதை. அதே ஆண் தன் பெண்டாட்டிக்கு ஒரு உப்புமா கிண்டினால் மட்டும் ‘ஐயோ பாவம்’ ஆகிவிடுகிறான். இது எந்த ஊர் நியாயம்?

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரு நாளை எதில் எதில் செலவழிக்கிறார்கள் என்று. சமையல், பாத்திரம், துணி என்று கூலியில்லாத வீட்டு வேலையில் பெண்களில் 100-க்கு 81 பேர் இறங்கினார்கள். ஆண்களில் 26 பேர். அந்த 26 பேரும் சராசரியாக ஒரு நாளைக்கு 97 நிமிடம் செய்தார்கள். அந்த 81 பெண்கள் செய்தது 299 நிமிடம், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்காமல் கண் சிவந்து நின்ற எத்தனையோ நர்ஸம்மாக்களை எனக்குத் தெரியும். அந்த 299 எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சமையல் பிடிக்கும் என்று சொல்கிற ஆண்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிதான் பிடிக்கிறது. வீட்டில் உள்ள பாத்திரம் அத்தனையும் எடுத்துப் பரப்பி, நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டு, பாராட்டு வாங்கிக்கொண்டு படுத்துவிடுவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு என்ன டிபன் என்பது அவர்கள் கவலை இல்லை. எனக்கு அதில் மதிப்பே கிடையாது. சமையலில் பெரும்பாதி அடுப்பில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. மாவு நாளைக்கு வருமா, கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட வேண்டுமா, வாடுகிற கீரையை இன்றே ஆய்ந்துவிடலாமா, சிலிண்டர் எப்போது மாற்றியது, இதையெல்லாம் யாரும் கேட்காமலே நினைவில் வைத்திருக்கிற ஆள்தான் அந்த வீட்டில் சமைக்கிற ஆள். அந்த நினைப்பையும் சேர்த்து எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டுவிட்டால் அதிலும் ஒரு ருசி வந்துவிடும். இருக்கிற இரண்டு கத்தரிக்காயையும் அரை மூடித் தேங்காயையும் வைத்து ஒரு வேளையை ஒப்பேற்றுகிற சந்தோஷம் எந்த விருந்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஆண் அடுப்படிக்கு அதிகாரி ஆகிவிடுவான். பெண்டாட்டி நறுக்கின வெங்காயம் பெரிசு, அவள் வதக்கினது போதாது என்று பின்னால் நின்று குறை சொல்வான். நீ அப்படி ஆகாதே. மருமகளின் ஊர்க் குழம்பு நம் வீட்டுக் குழம்பு மாதிரி இருக்காது, இருக்கவும் வேண்டாம். கொங்குப் பக்கத்துக்காரி அரிசி பருப்புச் சாதம் வைத்தால் இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிடு, எப்படி வைத்தாள் என்று கேட்டுக் கற்றுக்கொள். அவள் கைக்கு ஒருநாள், உன் கைக்கு ஒருநாள் என்று இருக்கட்டும்.

மாமாவும் அத்தையும் மறுபடி வரும்போது தேங்காய்ப்பாலில் சொதி வை. நம் பக்கத்தில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பது அதைத்தான், சம்பந்தி வீட்டாருக்குப் போட அதைவிடப் பொருத்தம் கிடையாது. நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியாக எடுத்துவை. மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வேகட்டும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதைப் பச்சை வாசம் போக வதக்கிச் சேர். 50 கிராம் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து இரண்டாம் பாலோடு ஊற்று. முதல் பால் கடைசியில். அதை ஊற்றின பிறகு தீ சிறிசாகவே இருக்க வேண்டும், ஓரம் லேசாக நுரைத்ததும் அணைத்துவிடு. கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு சூடு தணிந்த பிறகுதான், அவசரப்பட்டு அடுப்பில் இருக்கும்போது பிழிந்துவிடாதே. இஞ்சித் துவையல் கட்டாயம் வேண்டும், தேங்காய்ப்பால் சாப்பாட்டுக்கு அதுதான் செரிமானம். உருளைக்கிழங்கு சிப்ஸ் கடையில் வாங்கிக்கொள். மாமாவையும் ஹாலில் உட்காரவிடாதே, சின்ன வெங்காயத்தை உரிக்கச் சொல். உரித்துக்கொண்டே பேசட்டும்.

அம்மா உனக்கு மோர்மிளகாயும் உப்பு நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள், நாளை கூரியரில் போடுகிறேன். மிளகாய் இன்னும் ஒரு வெயில் காணணும், பால்கனியில் துணி விரித்துக் காயப்போடு. நார்த்தங்காயைக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்று, ஈரக் கரண்டி போடாதே. அதோடு ஒரு கிலோ கருப்பட்டியும் இருக்கிறது. அது மருமகளுக்கு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா